குன்றின் உச்சியில் ஐந்து வாட்

இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், ஆம்பிள்சைடு ஊரை ஒட்டி லாஃப்ரிக் என்றொரு குன்று இருக்கிறது. உயரம் 335 மீட்டர்தான். பக்கத்து லாங்டேல் பள்ளத்தாக்கில் கூடாரம் அடித்துத் தங்கும் குடும்பம், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஏறி மதியச் சாப்பாட்டை உச்சியில் வைத்துக்கொள்ளலாம். ரொட்டி, மழைக்கோட்டு இவற்றோடு சிலருடைய பையில் ஒரு கைரேடியோ, சிறிய லித்தியம் பேட்டரி, மடக்கு தூண்டில் கழி ஆகியவையும் இருக்கும். அந்தக் கழியில் மீன் பிடிக்கப் போவதில்லை. ஆன்டெனா கம்பியைத் தூக்கிப் பிடிக்கத்தான் அது.

மலையேற்றத்தையும், ஹாம் ரேடியோ எனப்படும் பொழுதுபோக்கு வானொலியையும் இணைக்கும் ‘சம்மிட்ஸ் ஆன் தி ஏர்’ என்ற திட்டம் 2002 மார்ச் 2 அன்று பிரிட்டனில் தொடங்கியது. இப்போது பல நாடுகளில் நடக்கிறது. உச்சிக்கான கடைசி ஏற்றத்தை வண்டியில் கடக்கக் கூடாது. பெட்ரோல் ஜெனரேட்டர் கூடாது. குறைந்தது நான்கு நிலையங்களுடன் பேசினால்தான் புள்ளி. உயரத்துக்கு ஏற்ப 1 முதல் 10 வரை கிடைக்கும். ஏறியவர் 1000 புள்ளி சேர்த்தால் ‘மலை ஆடு’ என்ற பட்டம். பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் பிடித்துப்போவதில் வியப்பில்லை.

காலையில் கூடாரத்து வாசலில் 5 வாட் கைரேடியோவை முடுக்கினால் பெரும்பாலும் இரைச்சல்தான். அது இயங்கும் 145 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பள்ளத்தாக்கின் சுவரில் முட்டி நின்றுவிடும். அதே ரேடியோ, அதே 5 வாட், குன்றின் மேல் வேறு பொருளாகிவிடுகிறது. இதற்கு எளிய கணக்கு உண்டு. உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.1 ஆல் பெருக்கினால் ரேடியோவின் தொடுவானம் கிலோமீட்டரில் வரும். சமவெளியில் நிற்பவருக்கு அது 5 கி.மீ. லாஃப்ரிக் உச்சியில் 75. எதிர்முனையில் இருப்பவரும் 900 மீட்டர் மலைமேல் நின்றால் அவருடைய 123 கிலோமீட்டரும் இதோடு கூடும். வடக்கே 950 மீட்டர் ஹெல்வெலின் மறிக்கிறது. தெற்கே வின்டர்மியர் ஏரிப் பக்கம் திறந்திருக்கிறது. அதனால் அத்திசையிலுள்ள லங்காஸ்டர் நகரப் பக்கத்துக் குரல்களை எதிர்பார்க்கலாம்.

வழியில் மறிப்பு இல்லாவிட்டால் 5 வாட் எவ்வளவு தூரம் போகும்? 400 கி.மீ. மேலே சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தோடு ஹாம்கள் இதே அலைவரிசையில், இவ்வளவு குறைந்த சக்தியிலும் பேசியிருக்கிறார்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல மலையுச்சியைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியவில்லை.

தூண்டில் கழியின் கதை வேறு. 7 மெகாஹெர்ட்ஸில் பேச வேறொரு ரேடியோவும் 20 மீட்டர் கம்பியும் வேண்டும். கம்பியின் நடுவைக் கழியின் நுனியில் மாட்டி, இரு முனைகளையும் கூரைபோலச் சரித்துக் கட்டுவார்கள். இந்த அலைக்கு மலை தேவையே இல்லை. மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிவிடும். அப்படியொரு மண்டலம் இருப்பதை இயற்பியலாளர் எட்வர்ட் ஆப்பிள்டன் 1924இல் நிரூபித்தார். போர்ன்மத் நகரின் பிபிசி ஒலிபரப்பை ஆக்ஸ்ஃபோர்டில் இருந்து கேட்டு, தரையோடு வந்த அலையையும் வானில் பட்டுத் திரும்பிய அலையையும் ஒப்பிட்டார். 1947இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பின் இந்தக் கம்பியை ஏன் உச்சிவரை சுமக்க வேண்டும்? அமைதிக்காக. வீட்டில் சார்ஜர், எல்இடி விளக்கு, சூரியத் தகட்டின் இன்வெர்ட்டர் எல்லாம் சேர்ந்து கிளப்பும் மின் இரைச்சல் மெலிந்த குரல்களை மூழ்கடிக்கும். மலைமேல் அது இல்லை. நகரத்தில் தொலைந்துபோகும் ஒரு முனகல், அங்கே தெளிவான சொல்லாகக் காதில் விழும்.

ஆட்டுக் கூட்டத்தைத் தாண்டி இறங்கி, மாலையில் கூடாரத்துப் பக்கத்தில் அதே கழியை மறுபடி நட்டால், காலையில் ஊமையாக இருந்த பள்ளத்தாக்கு பேசத் தொடங்கும். பகலில் இந்த அலைகளை விழுங்கும் அயனி மண்டலத்தின் கீழடுக்கு, சூரியன் மறைந்ததும் கரைந்துவிடுகிறது. 1000 கி.மீ. தொலைவிலிருந்து வரும் அலை, மேலே பட்டு முப்பது பாகைக்குச் சற்றுக் குறைவான சரிவில் இறங்கும். சுற்றியுள்ள மலைகள் அதற்குத் தடையில்லை. இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் நோட்டைப் பிடித்துக்கொண்டு, ஜெர்மனியிலிருந்து பேசும் ஒரு நிலையத்தின் அழைப்புக் குறியை அந்தக் குடும்பத்து மகள் ஒவ்வோர் எழுத்தாக எழுதிக்கொள்கிறாள்.