தண்டவாளம் முதலில், வண்டி பிறகு

கனடாவின் டொராண்டோ மாநகரப் போக்குவரத்து ஆணையம் 2008-ஆம் ஆண்டு கோடையில், புதிய டிராம் வண்டிகளுக்காகத் தான் கோரியிருந்த ஒப்பந்தப்புள்ளிகள் அனைத்தையும் தள்ளுபடி செய்தது. விலை குறிப்பிட்டிருந்தவை இரண்டே நிறுவனங்கள். அவற்றுள் ஒன்று, உலகின் பல நகரங்களுக்கு ரயில் வண்டிகளை விற்றுவந்த கனடா நாட்டு நிறுவனமான பம்பார்டியர். அதன் வடிவமைப்பை ஏற்க இயலாது என்பதற்கு ஆணையம் கூறிய காரணம் சுருக்கமானது: அந்த வண்டி தங்கள் தண்டவாளத்தில் தடம்புரளும். நிறுவனம் அதை மறுத்தது. உள்நாட்டு நிறுவனம், தேவைப்படும் வண்டிகளோ இருநூறுக்கும் மேல்; இருந்தும் ஆணையம் அசையவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் மகளைப் பார்க்க டொராண்டோ சென்றிருந்தபோது, தெருமுனைகளில் டிராம் திரும்புவதை நின்று கவனித்திருக்கிறேன். முப்பது மீட்டர் நீளமுள்ள வண்டி, இரு கட்டடங்களுக்கு இடையே கிறீச்சிட்டபடி ஏறத்தாழச் செங்கோணத்தில் மடிந்து திரும்புகிறது. ஆணையத்தின் பிடிவாதத்திற்கு உரிய காரணம் அந்த முனைகளில்தான் இருக்கிறது.

டொராண்டோவின் டிராம் பாதை 1861-இல் குதிரை இழுத்த வண்டிகளோடு தொடங்கியது. சாதாரணச் சாலை வண்டிகளும் அதன்மீது ஓட வேண்டும் என்பதற்காக, தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 1,495 மி.மீ. என அமைந்தது. உலகின் பெரும்பாலான இலகு ரயில்கள் ஓடும் நிலையான அகலம் 1,435 மி.மீ. வேறுபாடு மூன்று விரல் அகலம்தான். ஆனால் கடைச்சரக்காகக் கிடைக்கும் எந்த வண்டியும் அங்கே அப்படியே ஓடாது என்பதற்கு அதுவே போதும்.

அகலத்தையாவது சக்கரங்களைத் தள்ளிப் பொருத்திச் சமாளிக்கலாம். வளைவுகளைச் சமாளிப்பதுதான் கடினம். நகரின் மிக இறுக்கமான வளைவின் ஆரம் ஏறத்தாழ 11 மீட்டர். அண்மைக்கால வண்டிகள் பலவும் 18 முதல் 25 மீட்டர் ஆரத்தை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. மேலும், பாதை பிரியும் இடங்களில் வழக்கமாக இருபுறத் தண்டவாளங்களிலும் நகரும் நாக்குகள் இருக்கும். டொராண்டோவில் ஒருபுறம் மட்டுமே உண்டு. மறுபுறச் சக்கரம் வழிகாட்டுதல் இன்றி அந்த இடைவெளியைக் கடந்தாக வேண்டும். செங்குத்தான ஏற்றங்கள் வேறு.

நகரத்தின் பழைய டிராம்கள் இதையெல்லாம் பல்லாண்டுகள் சமாளித்தன. பின் ஏன் புதிய வண்டிகள் தடுமாற வேண்டும்? விடை, வண்டியின் தளம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது.

ரயில் சக்கரத்தின் உருளும் பரப்பு சமதளமாக இருப்பதில்லை. சற்றே கூம்பு வடிவில் சரிந்திருக்கும். இடமும் வலமும் உள்ள இரு சக்கரங்களை ஒரே இரும்பு அச்சு பிணைக்கிறது. வளைவில் அச்சு வெளிப்புறமாக நகரும்போது, வெளிச்சக்கரம் தன் பெரிய விட்டத்திலும் உட்சக்கரம் தன் சிறிய விட்டத்திலும் உருளுகின்றன. அதனால் அந்த இணை தானாகவே வளைவை நோக்கித் திரும்புகிறது. 19-ஆம் நூற்றாண்டிலிருந்து ரயிலைத் தடத்தில் வைத்திருப்பதில் இந்த எளிய வடிவியலுக்குப் பெரும்பங்கு உண்டு. சக்கர நாள வண்டியில் ஏற மூன்று படிகள் ஏறிய பயணிகள், அந்த அச்சுக்கு மேலேதான் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

சக்கர நாற்காலியில் வருபவர் படி ஏற இயலாது. மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் உரிமையை அமெரிக்கா 1990-லும், டொராண்டோ அமைந்துள்ள ஒன்டாரியோ மாகாணம் 2005-லும் சட்டமாக்கின. நடைமேடையும் வண்டியின் தளமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டுமானால், தளம் தரையிலிருந்து 35 செ.மீ. அளவுக்குத் தாழ வேண்டும். அப்போது நடைவழியின் குறுக்கே அச்சு நிற்கிறது. அச்சை நீக்கி, இருபுறச் சக்கரங்களும் தனித்தனியே சுழலுமாறு அமைப்பது ஒரு தீர்வு. ஆனால் அச்சோடு சேர்ந்து, தானாகத் திரும்பும் தன்மையும் போய்விடுகிறது. சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் பக்கவாட்டை அழுத்தி உரசும். வளைவு இறுக்கமாகவும் தண்டவாளம் தேய்ந்தும் இருந்தால் மேலே ஏறிவிடும். உரிமை நியாயமானது, வளைவும் நகர்த்த முடியாதது. இரண்டுக்கும் நடுவில் பொறியாளர்கள் நிற்கிறார்கள்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் இந்தப் பாடத்தை இருமுறை விலை கொடுத்துக் கற்றது. அங்குள்ள பச்சைத் தடத்தின் மையப்பகுதி 1897-இல் திறக்கப்பட்ட, வட அமெரிக்காவின் முதல் சுரங்கப்பாதை. குறுகிய தெருக்களின் அடியில் தோண்டப்பட்டதால் வளைவுகள் இறுக்கமானவை. 1970-களில் மத்திய அரசின் ஊக்கத்தில், எல்லா நகரங்களுக்கும் ஒரே வண்டி என்ற எண்ணம் பிறந்தது. ஹெலிகாப்டர் தயாரித்துவந்த போயிங் வெர்ட்டால் நிறுவனம் அதை உருவாக்கியது. பாஸ்டனும் சான் பிரான்சிஸ்கோவும் சேர்ந்து வாங்கின. தரப்படுத்தினால் விலை குறையும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ளது; நானும் அதைக் கற்பித்திருக்கிறேன். ஆனால் இரு நகரங்களின் தடங்கள் ஒரே தரத்தில் இல்லை. 1976 இறுதியில் பாஸ்டனில் ஓடத் தொடங்கிய வண்டிகள் இறுக்கமான வளைவுகளில் தடம்புரண்டன. கதவுகளும் மோட்டார்களும் பழுதாயின. கடைசியில் 40 வண்டிகளைப் பெற்றுக்கொள்ள பாஸ்டன் மறுத்துவிட்டது. அவற்றுள் சிலவற்றை சான் பிரான்சிஸ்கோ வாங்கிக்கொண்டது.

இரண்டாம் முறை, தாழ்தளத்தின் பெயரால் நிகழ்ந்தது. இத்தாலியின் பிரெடா நிறுவனத்திடம் 100 வண்டிகளுக்கு 1995-இல் ஆணை தரப்பட்டது. நடுப்பகுதி தாழ்தளம், அங்கே தனித்துச் சுழலும் சக்கரங்கள். சேவைக்கு வந்த சிறிது காலத்திலேயே அவை தடம்புரளத் தொடங்கின. குறை வண்டியிலா, பராமரிப்பு குன்றிய தடத்திலா என்ற வழக்கு மூண்டது. இரண்டிலும் என்பதே என் கருத்து. தேய்ந்த தடத்தைப் பழைய வண்டிகள் பொறுத்துக்கொண்டன, புதியவை பொறுக்கவில்லை. 2004 டிசம்பரில் ஒப்பந்தம் ரத்தாகி, மறு ஆண்டு உடன்பாடு ஏற்பட்டு, 95 வண்டிகளோடு கணக்கு முடிந்தது. தடத்தைச் செப்பனிடவும் சக்கர வடிவத்தை மாற்றவும் ஆன செலவு ஒப்பந்த விலையில் இடம்பெற்றிருக்கவில்லை.

பொருளாதாரம் பயின்றவன் என்ற முறையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பொருத்தமின்மைக்கு ஒரு விலை உண்டு. அதை வண்டியில் செலுத்தலாம், தடத்தில் செலுத்தலாம், செலுத்தாமல் இருக்க முடியாது. தனித்தன்மையான தடத்திற்கேற்ற வண்டியைக் கேட்டால் போட்டியிடுவோர் குறைவர், விலை கூடும். சந்தையில் கிடைக்கும் பொது வண்டியை வாங்கினால் விலை குறையும். தெருமுனைகளைப் பெயர்த்துத் தடத்தை மாற்றும் செலவு வேறொரு தலைப்பில் வரும். எது மலிவு என்பதை ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே கணக்கிட வேண்டும். கையெழுத்திட்ட பிறகு வாங்குபவரும் விற்பவரும் ஒருவரிடம் ஒருவர் சிக்கிக்கொள்கிறார்கள். பொருளாதார அறிஞர் ஆலிவர் வில்லியம்சன் விரிவாக ஆராய்ந்த நிலை இது. குறைந்த விலைப்புள்ளிக்கே முதலிடம் என்ற விதி, இந்தக் கணக்கைச் செய்யாமலிருக்க அதிகாரிகளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பான சாக்காகவும் ஆகிவிடுகிறது.

டொராண்டோ முதல் வழியை, தெரிந்தே, தேர்ந்தது. 2008-இல் தள்ளுபடி செய்த பின், மூன்று பெரிய நிறுவனங்களோடு தன் தடத்தின் விவரங்களை முன்வைத்துப் பேசியது. 2009-இல் வென்றதும் பம்பார்டியர்தான்; ஆனால் அந்த வளைவுகளுக்கென்றே மாற்றியமைத்த வடிவத்தோடு. 204 வண்டிகள், முழுவதும் தாழ்தளம். முதல் வண்டி 2014-இல் சேவைக்கு வந்தது. அதற்குப் பிறகும் கதை இனிமையாக இல்லை. வழங்கல் தாமதமாயிற்று; பற்றவைப்புக் குறையால் 67 வண்டிகளைத் திருப்பி அனுப்பிச் செப்பனிட வேண்டியிருந்தது. ஆனால் அது தொழிற்சாலையின் குறை; தடத்திற்கும் வண்டிக்கும் இடையிலான பிணக்கு அல்ல. தொழிற்சாலைக் குறையைத் தொழிற்சாலையே திருத்த இயலும்.

சென்னையில் 1895 முதல் 1953 வரை டிராம் ஓடியது. அந்தத் தடங்கள் இன்று இல்லை. ஆகவே, இலகு ரயிலைப் பற்றிப் பேசும் நம் நகரங்களுக்குப் பழைய வளைவின் சுமை கிடையாது. அது பெரிய வாய்ப்பு. வண்டியின் ஆயுள் முப்பது ஆண்டுகள்; இன்று போடும் வளைவோ நூறாண்டு நிலைக்கும். நிலம் கையகப்படுத்தும் செலவுக்கு அஞ்சி ஒரு முனையில் ஆரத்தைச் சுருக்கினால், இனி வாங்கப்போகும் ஒவ்வொரு தலைமுறை வண்டியும் அதற்காகக் கூடுதல் விலை தரும்.

புதிய தடம் என்பதாலேயே பொருத்தம் தானாக வந்துவிடாது என்பதற்கும் பாஸ்டனே சான்று. பச்சைத் தடத்தின் நீட்டிப்பு 2022-இல் இரு கட்டங்களாகத் திறக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் அதன் சில பகுதிகளில் வண்டிகள் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில், பயணிகள் நடக்கும் வேகத்தில், ஊர்ந்தன. காரணம், தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் இருக்க வேண்டிய அளவைவிடக் குறைந்திருந்தது. பாதையின் பெரும்பகுதியை மீண்டும் அளந்து, தண்டவாளத்தை நகர்த்திப் பொருத்த வேண்டியதாயிற்று.