உங்களுக்குத் தெரியுமா? - பேக், பாக்கார், பக்குவம்

ஈப்போ காப்பிக் கடையில் 'ரொட்டி பாக்கார்' கேட்டால் சுட்ட ரொட்டியில் பட்டரும் காயாவும் தடவித் தருவார்கள். மலாயில் 'பாக்கார்' என்றால் சுடுவது, எரிப்பது. ஆங்கிலத்து 'பேக்'தான் இப்படி மாறியது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பாக்கார் ஆஸ்திரோனேசியச் சொல், பேக் ஜெர்மானியச் சொல். ஒலி ஒத்துப்போனது தற்செயல்.

உருதுவில் சமைப்பதற்குப் 'பகானா' என்பார்கள். தந்தூர் அடுப்பில் ரொட்டி சுடுவதற்கும் அதே சொல்தான். இதற்கும் பேக்குக்கும்கூட உறவில்லை. சமஸ்கிருதத்தின் 'பச்' என்ற வேரிலிருந்து வந்தது இது. நாம் தினமும் சொல்லும் பக்குவமும், நளபாகத்தில் வரும் பாகமும் அதே வேரில் பிறந்தவை. இதைவிட வியப்பு பிஸ்கட்! 'இருமுறை வேகவைத்தது' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. அந்த லத்தீன் வினைக்கும் 'பச்'சுக்கும் மூலம் ஒன்றே. ஆக, பிஸ்கட்டும் பக்குவமும் தூரத்துச் சொந்தம். அந்தப் பிஸ்கட்டைச் செய்யும் 'பேக்' மட்டும் வேறு வீட்டுப் பிள்ளை.

இன்றைய கராச்சியில் 'பேக் கர்னா' என்கிறார்கள், ஈப்போவில் 'பேக் பண்றது' என்கிறோம். ஆங்கிலச் சொல்லோடு 'செய்' என்ற துணைவினையை ஒட்டிக்கொள்ளும் வழக்கம் உருது, தமிழ் இரண்டுக்கும் பொது.

பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்கு 'ரொட்டி பாய்' நினைவிருக்கும். முதலில் சைக்கிளில், பிறகு மோட்டார் சைக்கிளில் லயத்துக்கு லயம் வந்து ரொட்டி விற்றவர். ரொட்டி, பாய் இரண்டுமே இந்தி-உருது வழக்கிலிருந்து வந்த சொற்கள். பாய் என்றால் அண்ணன், தம்பி. நாம் ரொட்டி என்று சொல்லும் அச்சு ரொட்டிக்கு உருதுவில் பெயர் 'டபுள் ரொட்டி'.

கடையில் மாவுப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். மலாயில் 'தெப்போங் கண்டூம்', அதாவது கோதுமை மாவு என்று போட்டிருக்கும். கோதுமைக்கு உருதுவிலும் அச்சாக அதே 'கண்டூம்'தான். இரண்டுமே பாரசீகத்திடம் வாங்கியவை. பக்கத்தில் இருக்கும் வெண்ணெய்க்கு மலாயில் 'மெந்தேகா'; அது போர்த்துகீசியர் விட்டுப்போன சொல்.

தமிழுக்கு இதில் ஒன்றும் குறைவில்லை என்பது என் உறுதியான எண்ணம். 'சுடு' என்ற ஒரே வினை எத்தனை வேலை செய்கிறது! கல்லில் தோசை சுடுகிறோம், எண்ணெயில் வடை சுடுகிறோம், தணலில் கிழங்கு சுடுகிறோம், சூளையில் செங்கல் சுடுகிறோம். மின்சார அவன் வந்தபோது அதற்கென்று புதுச் சொல் தேட வேண்டியிருக்கவில்லை. "தீபாவளிக்குப் பிஸ்கட் சுட்டாச்சா?" என்று நம் பெண்கள் இயல்பாகக் கேட்டுக்கொள்கிறார்கள். மின்சாரம் இல்லாமலும் அவன் உண்டு: மலாய்க்காரர்களின் பஹுலு பலகாரத்தைப் பழைய முறையில் செய்யும்போது பித்தளை அச்சுக்கு மேலும் கீழும் தணல் போடுவார்கள். மேலிருந்தும் கீழிருந்தும் சூடு வருவதால் அதுவே ஒரு சின்ன அவன்தான்.

இலங்கையில் ரொட்டிக்குப் பாண், அதைச் சுடும் அடுப்புக்குப் போறணை. இரண்டும் போர்த்துகீசியம். ஆனால் யாழ்ப்பாணத்து பேக்கரிப் பலகைகளில் 'வெதுப்பகம்' என்ற அழகான தமிழ்ச் சொல்லைப் பார்க்கலாம். தமிழ்நாட்டில் 'அடுமனை' என்று எழுதுகிறார்கள். அடு என்றால் சமை, அடுப்பும் அதிலிருந்து வந்ததுதான். நம் மலேசியப் பத்திரிகைகளில் கேக்குக்கு 'அணிச்சல்'.