சவரத்திற்குப் பின் வரும் எரிச்சல்

காலையில் சவரம் செய்து கொள்கிறீர்கள். கன்னத்தைத் தடவிப் பார்த்தால் வழவழப்பாக இருக்கிறது. வெட்டுக்காயம் ஏதும் இல்லை. நண்பகலில் வியர்க்கத் தொடங்கியதும் கழுத்து காந்துகிறது. மாலையில் சட்டைக் காலர் உரசும் இடமெல்லாம் சிவந்து விடுகிறது. இரண்டு நாள் கழித்துத் தாடைக்குக் கீழே சிறு சிறு பருக்கள் எழும்புகின்றன. உடல் சூடு என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையான காரணம் என்ன? காலையில் நேர்ந்த தவற்றின் விளைவு ஏன் இவ்வளவு தாமதமாக வெளிப்படுகிறது?

பிளேடு எதை வெட்டுகிறது?

நமது தோலின் மேற்பரப்பில் இறந்த செல்கள் ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. இதனைக் கொம்புப் படலம் என்பர். இதன் தடிமன் சுமார் 0.01 முதல் 0.02 மில்லிமீட்டர்தான். உடலின் நீர் வெளியேறாமலும், கிருமிகள் உள்ளே புகாமலும் காப்பது இப்படலமே. கொம்பிலும் நகத்திலும் மயிரிலும் உள்ள கெரட்டின் என்னும் புரதம்தான் இதிலும் நிறைந்துள்ளது. எனவே மயிர் எது, தோல் எது என்று பிளேடு பகுத்தறிவதில்லை. அழுத்தி இழுத்தால் இரண்டையும் சீவி விடுகிறது.

இந்தச் சிராய்ப்பு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உடல் அதை உணர்ந்து கொள்கிறது. காயம்பட்ட செல்கள் சில வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அவற்றால் இரத்த நுண்குழாய்கள் விரிவடைகின்றன, தோல் சிவக்கிறது. சில மணி நேரத்தில் வெள்ளணுக்களும் அங்கே வந்து சேருகின்றன. இதுவே அழற்சி. இதற்கிடையில், படலம் சிதைந்த இடத்தில் வியர்வையின் உப்பு பட்டால் எரியாமல் என்ன செய்யும்?

பருக்களின் கதை வேறு. சுருண்ட மயிரைச் சாய்வாக வெட்டும்போது அதன் நுனி ஊசிபோல் கூர்மையாகிறது. தாடி மயிர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் வளர்கிறது. வளரும் நுனி வளைந்து திரும்பித் தோலுக்குள்ளேயே குத்திக்கொள்கிறது. தன் மயிரையே உடல் அந்நியப் பொருளாகக் கருதி எதிர்க்கிறது. தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒட்டச் சவரம் செய்தால், வெட்டுண்ட மயிர் மயிர்க்காலுக்குள் பின்வாங்கி, பக்கச் சுவரைத் துளைப்பதும் உண்டு. இரண்டிற்கும் ஒன்றிரண்டு நாள் ஆகும். தாமதத்தின் காரணம் இதுதான்.

முன்னரே காப்பது எப்படி?

சிராய்ப்பு ஏற்பட்ட பிறகு பூசும் மருந்தால் அதிகப் பயன் இல்லை. காக்க வேண்டிய நேரம் சவரத்திற்கு முன்னும், சவரத்தின் போதும்தான்.

மயிர் நீரை நன்றாக உறிஞ்சும். உறிஞ்சினால் பருத்து மென்மையாகும். வெட்டத் தேவைப்படும் விசையும் பெருமளவு குறையும். ஆகவே குளித்த பின் சவரம் செய்வது நல்லது. இல்லையேல் இரண்டு, மூன்று நிமிடமாவது வெந்நீரில் நனைத்த துணியை முகத்தில் வைத்திருங்கள். நுரை அந்த ஈரத்தைக் காப்பதோடு, பிளேடு வழுக்கிச் செல்லவும் உதவுகிறது.

மயிர் எஃகைவிடச் சுமார் 50 மடங்கு மென்மையானது. ஆயினும் அது பிளேடின் விளிம்பில் நுண்ணிய சில்லுகளைப் பெயர்த்து விடுவதை, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டு 2020இல் வெளியிட்டனர். விளிம்பு சிதைந்த பிளேடைக் கொண்டு சவரம் செய்ய, நாம் கையால் அழுத்துகிறோம், தோல் சிராய்க்கிறது. பிளேடு மயிரைப் பிடித்து இழுப்பதாகத் தோன்றினால் உடனே மாற்றி விடுங்கள்.

மயிர் எப்பக்கம் சாய்ந்து வளர்கிறது என்று விரலால் தடவி அறியுங்கள். கழுத்தில் அது பக்கவாட்டில் சாய்ந்திருக்கலாம். அந்தத் திசையிலேயே, அழுத்தாமல் பிளேடை ஓட்டுங்கள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப மழிக்க வேண்டாம். முடிந்ததும் குளிர்ந்த நீரால் கழுவித் துணியால் ஒற்றியெடுங்கள், தேய்க்காதீர்கள். சாராயம் கலந்த வாசனை நீர் தோலை மேலும் உலர்த்தும். படிகாரம் புரதத்தைத் திரளச் செய்து சிறு இரத்தக் கசிவை நிறுத்தும். ஆனால் சிதைந்த படலத்தைச் சரிசெய்யாது.

ஓர் எச்சரிக்கை

கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பும் கிருமிக்குத் திறந்த வாசலே. ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் உலர்ந்த பரப்பிலும் குறைந்தது 7 நாள் உயிர்ப்புடன் இருக்கக் கூடியது. எனவே முடிதிருத்தும் நிலையத்தில் உங்கள் கண்ணெதிரே புதிய பிளேடு மாற்றச் சொல்லுங்கள். பலர் முகத்தில் தேய்த்த படிகாரக் கட்டியையும் மறுத்து விடுங்கள். வீட்டில் அண்ணனும் தம்பியும் ஒரே பிளேடைப் பயன்படுத்துவதும் தவறே.

பருக்கள் வந்துவிட்டால் கிள்ளாதீர்கள், தழும்பு நிலைத்துவிடும். மூன்று, நான்கு வாரம் சவரத்தை நிறுத்தி வையுங்கள். மயிர் நீண்டு வளர்ந்தால், தோலில் புதைந்த நுனி பெரும்பாலும் தானே விடுபடும். சீழ் கோத்தாலோ வலி மிகுந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். அடிக்கடி பருக்கள் வருவோர், மின்கருவியால் ஒரு மில்லிமீட்டர் அளவு மயிரை விட்டுக் கத்தரித்துக்கொள்வது நல்லது. வழவழப்பான முகத்தைவிட நலமான தோலே முக்கியம் அல்லவா?