கைக்குழந்தையும் தாயின் தூக்கமும்



கைக்குழந்தை இருக்கிற வீட்டில் தாய் தூங்காமல் இருப்பது வழக்கம்தானே, அதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். பிள்ளை வளர்த்தவர்கள் எல்லாரும் இதைக் கடந்து வந்தவர்கள்தான். ஆனால் எல்லாரும் கடந்து வந்த காரியம் என்பதாலேயே நாம் கவனியாமல் விட்டுவிடுகிறவை சில உண்டு. தாயின் தூக்கம் அவற்றில் ஒன்று. எந்த அளவு விழித்திருப்பது இயல்பு, எப்போது அது நோயாகிறது, சுற்றியிருக்கிற நாம் என்ன செய்யலாம் என்பவற்றை இங்கே விளக்க விரும்புகிறோம்.

குழந்தை ஏன் இரவில் விழிக்கிறது?

பிறந்த குழந்தை ஒரு நாளில் ஏறக்குறைய 14 முதல் 17 மணி நேரம் தூங்குகிறது. இவ்வளவு நேரம் பிள்ளை தூங்கினால் தாயும் தூங்கலாமே என்று தோன்றும். ஆனால் அந்தத் தூக்கம் இரண்டு மணி, மூன்று மணி என்று துண்டு துண்டாகத்தான் வருகிறது. இரவு எது, பகல் எது என்று குழந்தையின் உடலுக்கு இன்னும் தெரியாது. இருட்டியதும் உறக்கத்தை வரவழைக்கிற மெலடோனின் என்னும் ஹார்மோன் குழந்தையின் உடலில் ஒழுங்காகச் சுரப்பதற்கு இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். வயிறும் சிறியது, தாய்ப்பாலும் சீக்கிரம் செரித்துவிடும். ஆகவே 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பிள்ளை பால் கேட்கும். அவற்றில் சில தடவை இரவில்தான் வரும்.

இந்த இரவுப் பால் மிகவும் அவசியமானது. பால் சுரக்கச் செய்கிற ப்ரோலாக்டின் என்னும் ஹார்மோன் பகலைவிட இரவில் அதிகம். இரவில் பிள்ளை குடிப்பதால்தான் பகலிலும் பால் குறையாமல் இருக்கிறது.

இதோடு, மாலையிலும் முன்னிரவிலும் காரணம் தெரியாமல் வீறிட்டு அழுகிற அழுகை ஒன்று உண்டு. அது ஏறக்குறைய ஆறாவது வாரத்தில் உச்சத்துக்கு வந்து, மூன்று நான்கு மாதங்களில் தானாகவே தணியும். அதைக் கேட்டு, "பால் பத்தவில்லை, டப்பா பால் வாங்கு" என்று அக்கம்பக்கத்தார் சொல்லுவார்கள். குழந்தையின் எடை ஏறி, நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதானால் பால் போதுமானதே.

முன்பு யார் விழித்திருந்தார்கள்?

நம் ஊர்களில் ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போவார்கள். பிரசவமான பின் மூன்று மாதம், சில வீடுகளில் ஐந்து மாதம் அங்கேயே இருப்பாள். பத்தியச் சாப்பாடு, நல்லெண்ணெய், லேகியம் என்பவை மட்டுமே நம் நினைவில் நிற்கின்றன. ஆனால் அந்த வழக்கத்தின் பெரிய நன்மை வேறு. பால் கொடுத்து முடித்ததும் பிள்ளையை வாங்கிக்கொள்ள அந்த வீட்டில் ஆள் இருந்தது. பாட்டி தோளில் போட்டுத் தட்டுவார். சித்தி ஈரத்துணி மாற்றுவார். தங்கை தூளியை ஆட்டுவாள். தாய் பால் கொடுக்க மட்டும் எழுந்து மறுபடியும் படுத்துக்கொண்டாள். இரவை நான்கு பேர் பங்கிட்டுக்கொண்டார்கள்.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் நடப்பது என்ன?

சென்னைக்கு மேற்கே உள்ள எங்கள் பகுதி உழைப்பாளிகளின் பகுதி. அம்பத்தூரில் 1949இல் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழும்பியது. பின்னாளில் பூந்தமல்லிக்கு அப்பால் ஸ்ரீபெரும்புதூர் வரை கம்பெனிகள் வந்தன. பிழைப்பைத் தேடித் தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாவட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்தன. இப்போது பீகார், ஒடிசாவிலிருந்தும் வருகின்றன. ஓர் அறையும் சமையல் மேடையும் உள்ள போர்ஷன்களில் இவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட வீட்டில் ஓர் இரவை நினைத்துப் பாருங்கள். கணவருக்கு இந்த வாரம் நைட் ஷிப்டு. கம்பெனி பஸ் ஏறிப் போய்விட்டார். இரண்டு மாதக் குழந்தை பதினொரு மணிக்கு ஒரு தடவை, ஒன்றரைக்கு ஒரு தடவை, நான்கு மணிக்கு ஒரு தடவை எழுகிறது. நடுவில் இரண்டரை வயது மூத்த பிள்ளை தண்ணீர் கேட்டு அழுகிறது. விடிந்தால் குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும். ஏழு மணிக்குக் கணவர் வந்து சாப்பிட்டுப் படுக்கிறார். இருப்பதோ ஓர் அறை. அவருடைய தூக்கம் கெடக் கூடாதென்று, அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வாசற்படியில் உட்காருகிறாள். பிள்ளை தூங்கும்போது நீயும் தூங்கிக்கொள் என்று டாக்டர்கள் சொல்லுகிற ஆலோசனை நல்லதுதான். ஆனால் இவள் எங்கே படுப்பாள்?

முதல் பிரசவத்துக்காவது தாய் வீடு உண்டு. இரண்டாவது பிரசவத்துக்குப் பல பெண்களுக்கு அதுவும் இல்லை. மூத்த பிள்ளையின் பள்ளிக்கூடம், கணவருக்குச் சமைக்க ஆளில்லை, ஊரில் அம்மாவும் வேலைக்குப் போகிறார் என்று காரணங்கள் பல. ஆகவே நான்கு பேர் பங்கிட்டுக்கொண்ட இரவை இன்று ஒருத்தி தனியே சுமக்கிறாள்.

தூக்கமின்மை என்ன செய்யும்?

மனிதருடைய தூக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக வருகிறது. அடிக்கடி எழுப்பப்படுகிறவருக்கு ஆழ்ந்த உறக்கம் முழுதாகக் கிடைப்பதில்லை. எனவே மொத்தத்தில் ஆறு மணி நேரம் படுத்திருந்தாலும், ஆறு துண்டாகத் தூங்கியவருக்குக் களைப்பு தீராது.

1997இல் ஆஸ்திரேலியாவில் இரு விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் கண்ணும் கையும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவர்களைப் போலத் தடுமாறியதை அவர்கள் கண்டார்கள். நம் நாட்டில் வாகனம் ஓட்டுகிறவருக்குச் சட்டம் அனுமதிக்கிற அளவு 0.03 சதவீதமே. அதைத் தாண்டிய தடுமாற்றத்துடன் ஒரு தாய் அடுப்பைப் பற்றவைக்கிறாள், பிள்ளையைக் குளிப்பாட்டுகிறாள், மருந்தை அளந்து ஊற்றுகிறாள். பால் பொங்கிவிட்டது என்று அவளைக் கடிந்துகொள்ளுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

களைப்புக்கு வேறு காரணங்களும் சேரலாம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. பிரசவத்துக்குப் பின்னும் 180 நாட்கள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். பிள்ளை பிறந்ததும் பலர் அதை நிறுத்திவிடுகிறார்கள்.

வேலூரில் கண்டது

1900இல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய வேலூர் ஆஸ்பத்திரியை, இன்று கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக நீங்கள் அறிவீர்கள். அதன் மருத்துவர்கள் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் தாய்மாரின் மனநிலையை ஆராய்ந்து, 2002ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருந்த 359 பெண்களை முதலில் சந்தித்தார்கள். பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரத்துக்குள் அவர்களில் 301 பேரை மறுபடியும் சந்தித்தார்கள். நூற்றுக்குப் பதினொரு பேருக்குப் புதிதாக மனச்சோர்வு நோய் வந்திருந்தது.

யாருக்கு அது அதிகமாக வந்தது? குறைந்த வருமானம் உள்ளவர்கள், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிள்ளை பெற்றவர்கள், மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு உள்ளவர்கள், கர்ப்ப காலத்தில் துயர சம்பவங்களைக் கண்டவர்கள். இவற்றோடு இன்னொரு காரணமும் அந்தப் பட்டியலில் இருந்தது: வேலையில் ஒத்தாசை செய்ய ஆள் இல்லாமை. வருமானத்தையும் மாமியாரையும் நாம் ஒரே நாளில் மாற்ற முடியாது. ஒத்தாசைக்கு ஆள் இல்லாத குறையை மட்டும் இன்று மாலையே தீர்க்கலாம்.

எப்போது அது நோய்?

பிரசவமான மூன்றாம் நாள் தொடங்கிச் சில நாட்கள் தாய்க்குக் காரணமில்லாமல் அழுகை வரும். இது பெரும்பாலோருக்கு வருவது. இரண்டு வாரத்துக்குள் தானாகவே போய்விடும். இரண்டு வாரத்துக்கு மேலும் மனபாரம் நீங்காமல், பிள்ளையின் மேல் பற்றில்லாமல், சாப்பாடு இறங்காமல், "நான் எதற்கும் உதவாதவள்" என்ற எண்ணம் தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோய்.

வீட்டார் எளிதில் கண்டுபிடிக்கக் கூடிய ஓர் அடையாளம் உண்டு. களைத்த தாய், பிள்ளையை யாராவது வாங்கிக்கொண்டால் உடனே தூங்கிவிடுவாள். பிள்ளையும் தூங்கி, வீடும் அமைதியாக இருந்து, அப்போதும் அவள் கண்ணை மூடாமல் விழித்துக் கிடந்தால் அது வெறும் களைப்பாக இராது. அவளை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போங்கள். எடின்பரோவில் 1987இல் உருவாக்கப்பட்ட பத்துக் கேள்விகள் தமிழிலும் உண்டு. அவற்றைக் கொண்டு பத்து நிமிடத்தில் நிலைமையை ஓரளவு அறியலாம். பால் கொடுக்கும்போதே சாப்பிடக் கூடிய மருந்துகளும் உண்டு.

ஆயிரத்தில் ஒன்றிரண்டு தாய்மாருக்குப் பிரசவமான முதல் வாரங்களில் இதைவிடக் கடுமையான நோய் வருகிறது. இரவெல்லாம் தூங்காமல் அலைவது, இல்லாத குரல்கள் கேட்பது, பிள்ளையைப் பற்றி விபரீதமாகப் பேசுவது அதன் குறிகள். இதைப் பேய் என்றும் காற்று என்றும் சொல்லி நாட்களைக் கடத்த வேண்டாம். தாயையும் பிள்ளையையும் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற அரசு எண்ணை இரவிலும் பகலிலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

தூங்க வைக்கிற மருந்து வேண்டாம்

ஒரு நூற்றாண்டுக்கு முன் பம்பாய் ஆலைகளில் வேலை செய்த தாய்மார், பிள்ளை அழாமல் கிடப்பதற்காக 'பாலா கோலி' என்ற அபின் உருண்டையைக் கொடுத்தார்கள். ஒத்தாசைக்கு ஆள் இல்லாத தாய், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கண்ட வழி அது. இன்று அபின் இல்லை. ஆனால் பிள்ளை நன்றாகத் தூங்கும் என்று மருந்துக்கடையில் சளி சிரப் வாங்கிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி சிரப்புகளைக் கொடுக்கக் கூடாது என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியிருக்கிறது. வசம்பு உரைத்துக் கொடுப்பதும், நாக்கில் பிராந்தி தடவுவதும் கூடவே கூடாது.

மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், மூச்சு வாங்கினாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பியும் எழும்பாமல் துவண்டு கிடந்தாலும் விடியும்வரை காத்திராமல் உடனே அழைத்துவாருங்கள்.

நாம் செய்யக் கூடியவை

1. பிள்ளை பிறந்த வீட்டுக்கு நாம் போகிறோம், ஜெபிக்கிறோம், சட்டையும் சோப்புப் பெட்டியும் கொடுக்கிறோம், காபி குடித்துவிட்டு வருகிறோம். அந்தக் காபியை யார் போட்டார்கள் என்று யோசிப்போமாக. அடுத்த தடவை போகும்போது இரவுச் சாப்பாட்டைச் சமைத்து எடுத்துக்கொண்டு போவோம்.

2. வாரத்தில் ஒரு நாள் பிற்பகலில் இரண்டு மணி நேரம் மூத்த பிள்ளையை நம் வீட்டுக்கு அழைத்துவருவோம். சபையின் பெண்கள் ஐக்கியத்தில் ஐந்து பேர் முறை வைத்துக்கொண்டால் ஒரு தாய்க்கு ஐந்து பிற்பகல்கள் கிடைக்கும்.

3. கணவர்மாருக்கு ஒரு வார்த்தை. பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் உங்களால் செய்ய முடியும். துணி மாற்றுங்கள், தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யுங்கள். நைட் ஷிப்டு முடிந்து வந்ததும், நீங்கள் படுப்பதற்கு முன், பால் குடித்த பிள்ளையை வாங்கிக்கொண்டு மனைவியை ஒன்றரை மணி நேரம் தூங்க விடுங்கள். விடுமுறை நாளில் நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்கச் செய்யுங்கள். குடித்திருக்கிற நாளில் பிள்ளையின் பக்கத்தில் படுக்க வேண்டாம்.

4. பிள்ளையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். முகத்தருகே தலையணையும் போர்வையும் வேண்டாம். களைத்திருக்கும் தாய் நாற்காலியிலோ சோபாவிலோ உட்கார்ந்தபடி பிள்ளையோடு தூங்கிவிடுவது ஆபத்து.

5. "இதுவும் பெண்ணா?" என்று கேளாதிருங்கள். அந்தக் கேள்வி ஒரு தாயை எவ்வளவு பாதிக்கும் என்பதை வேலூர் ஆய்வு காட்டுகிறது.

6. பக்கத்துப் போர்ஷனில் மொழி தெரியாத வடநாட்டுப் பெண் கைக்குழந்தையோடு இருந்தால், கதவைத் தட்டிப் பாருங்கள். பிள்ளையை வாங்கிக்கொள்ள இரண்டு கைகளை நீட்டினால் அவளுக்குப் புரியும்.

பிள்ளைக்காக விழித்திருக்கிற தாயைப் புகழ்ந்து நாம் எத்தனையோ வருஷங்களாகப் பேசிவருகிறோம். அந்தப் புகழ்ச்சியைக் கேட்ட தாய், "என்னால் முடியவில்லை" என்று சொல்ல வெட்கப்படுகிறாள். இனி அவளைப் பார்க்கும்போது, "நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினாய்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிலைக் கேட்ட பின், பிள்ளையை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.