காந்தலூர்க் கழிவும் விமான எண்ணெயும்

காந்தலூர் சென்று திரும்பிய நாம் பூண்டு மூட்டையுடன் ஒரு கவலையையும் சுமந்து வந்தோம். சிறந்த சுற்றுலாச் சிற்றூர் என்று 2023-இல் மத்திய அரசின் தங்க விருதைப் பெற்ற ஊர் அது. விருந்தினர் பெருகப் பெருக விடுதிகளும், அவற்றின் பின்னே கழிவுக் குழிகளும் பெருகும். அப்பகுதி ஓடைகளோ பாம்பாற்றில் விழுந்து, அமராவதியாகி, உடுமலைப்பேட்டைப் பக்கத்து வயல்களுக்கு வருகின்றன. நம் அன்பர் பலரின் உறவினர் உழும் வயல்கள் அவை.

இக்கழிவை எண்ணெயாக்கலாம் என்று கேள்வியுற்றபோது நாம் நகைத்தோம். பின்னர் விசாரித்ததில் செய்தி உண்மையென்றே தெரிந்தது. அமெரிக்காவின் பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வுக்கூடத்தார் சாக்கடைச் சேற்றை உலர்த்தாமல், ஈரத்துடனேயே இரும்புக் குழாயில் அடைத்து, சுமார் 350 பாகை செல்சியஸ் வெப்பமும் காற்றழுத்தத்தைப்போல் 200 மடங்கு அழுத்தமும் தருகின்றனர். மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் நிகழ்ந்த மாறுதல் சில நிமிடங்களில் நிகழ்ந்துவிடுகிறது! கரிய எண்ணெய் தனியே பிரிகிறது. நோய்க்கிருமி எதுவும் மிஞ்சுவதில்லை. அதைச் சுத்திகரித்தால் டீசலும் விமான எண்ணெயும் கிடைக்கும்.

ஆனால் அளவைக் கவனிக்க வேண்டும். ஓராள் கழிவிலிருந்து ஆண்டுக்கு 2 முதல் 3 காலன், அதாவது சுமார் 8 முதல் 11 லிட்டர் கச்சா எண்ணெய் கிடைக்கலாம் என்று அவ்வாய்வுக்கூடம் 2016-இல் கணித்தது. ஐவர் குடும்பத்துக்கு 55 லிட்டருக்கு மேல் தேறாது. மலை ஏறும் ஜீப்பின் தொட்டியை ஒருமுறை நிரப்பலாம், அவ்வளவே. லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு விமானம் பறக்கப் பதினாயிரம் பேருக்கு மேற்பட்டோரின் ஓராண்டுக் கழிவு வேண்டுமாம். இவ்வாராய்ச்சியில் இறங்கிய ஃபயர்ஃபிளை என்னும் ஆங்கிலேய நிறுவனத்தின் செய்தி 2023-இல் வெளியானபோது சொல்லப்பட்ட கணக்கு இது.

ஆகவே, பாதாளச் சாக்கடை வழியே கழிவு ஓரிடத்தில் சேரும் பெருநகருக்கே இம்முறை பொருந்தும். சென்னைக் கொடுங்கையூரில் கழிவுச் சேற்றின் வாயுவிலிருந்து மின்சாரம் எடுத்திருக்கின்றனர். எண்ணெய் முயற்சிக்கும் அத்தகைய இடமே தகும். படிப்படியாய்ச் சரியும் வயல்களுக்கிடையே சிதறிய மலைவீடுகளுக்குச் சாண எரிவாயுக் கலமே அருமருந்து. கழிப்பறையையும் அதனுடன் இணைக்கலாம், அடுப்பும் எரியும். ஒன்று மட்டும்: கலத்திலிருந்து வழியும் குழம்பில் கிருமிகள் முற்றும் மடிவதில்லை. அதனைப் பச்சையாய் உண்ணும் காய்களின் பாத்திக்கு நேரே பாய்ச்சலாகாது. நன்கு மட்க வைத்த பின்னரே இடவேண்டும். ஊரில் புதுவீடு எழுப்பப் பணம் அனுப்பும் அன்பர்கள், குழி தோண்டுமுன் அருகிலுள்ள ஓடை எத்தனை அடி தொலைவில் ஓடுகிறது என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்பார்களாக.