பிளேடைப் பிடித்திருக்கும் பின்

கோலார் மாவட்டத்தின் பெருமையைச் சொல்ல வருகிறவர்கள் பால், பட்டு, பொன் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வது வழக்கம். பொன் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு முடிந்தது. அன்றுதான் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன. பால் நிற்கவில்லை. தங்கவயலைச் சுற்றியுள்ள ஊர்களில் இரண்டு மாடு, நான்கு மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் ஏராளம். மாடு என்றால் பசுந்தீவனம் வேண்டும். நேப்பியர் புல்லோ, மக்காச்சோளமோ, சோளத்தட்டையோ தினமும் அறுத்தாக வேண்டும். அரிவாளோடு குனிந்து அறுக்க ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. தோளில் மாட்டும் ப்ரஷ் கட்டரும் டிராக்டருக்குப் பின்னால் பூட்டும் புல்வெட்டியும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

இந்த இயந்திரங்களை ஓட்டுகிறவர்கள் பிளேடின் கூர்மையை நன்றாகவே கவனிக்கிறார்கள். கூர் மழுங்கினால் புல் அறுபடாமல் கிழிபடும், டிராக்டர் திணறும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். ஆனால் பிளேடைச் சுழலும் தட்டோடு பிடித்துவைத்திருக்கும் பின்னையும், அந்தப் பின் நுழையும் துளையையும், அடியில் இருக்கும் தாங்கியையும் யாரும் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. அவை தேய்வது வேலையில் தெரியாது என்பதுதான் காரணம். பின் பாதி தேய்ந்த பிறகும் புல் அழகாகவே அறுபடும். பின் முறியும் அந்த நொடி வரை அறுபடும்.

டிராக்டர் புல்வெட்டிகளில் பழைய வகை, பல் வரிசை இடமும் வலமும் ஓடி அறுப்பது. அதில் வேகம் குறைவு, பிளேடு தெறிக்கும் அபாயமும் குறைவு. இப்போது பரவலாக வருவது சுழல்வகை. தட்டு வகைப் புல்வெட்டியில் ஒரு நீளமான பெட்டியின் மேல் வரிசையாகத் தட்டுகள் இருக்கும். ஒவ்வொரு தட்டின் ஓரத்திலும் எதிரெதிராக இரண்டு சிறிய பிளேடுகள். இன்னொரு சுழல்வகையான ஸ்லாஷரில் பெரிய பிளேடுகள் இரண்டோ மூன்றோ ஒரே மையத்தைச் சுற்றும். இரண்டிலும் பிளேடை இறுக்கி முடுக்கிவிடுவதில்லை. பின்னைச் சுற்றி அது தாராளமாக ஆட வேண்டும். கல்லில் மோதினால் பிளேடு பின்னோக்கி மடங்கி, அடியைத் தாங்கிக்கொண்டு, மறுபடி நிமிர்ந்துகொள்ளும். அதற்காகத்தான் பின்னுக்கும் துளைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விடுகிறார்கள். அதனால் புத்தம் புதிய இயந்திரத்திலும் பிளேடு ஆடும். எவ்வளவு ஆட்டம் சரி, எதற்கு மேல் போனால் ஆபத்து என்பதுதான் இங்கே கேள்வி.

ஆபத்தின் அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். தட்டு வகைப் புல்வெட்டியில் தட்டுகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 சுற்று சுற்றுகின்றன. மையத்திலிருந்து பிளேடின் நுனி 25 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நுனியின் வேகம் மணிக்கு 280 கிலோமீட்டர். பிளேடின் எடை 100 கிராம்தான். ஆனால் சுழலும்போது அது பின்னை வெளிப்பக்கமாக இழுக்கும் விசை ஏறத்தாழ 200 கிலோ எடைக்குச் சமம். ஸ்லாஷரில் இது இன்னும் அதிகம். 2 கிலோ பிளேடு ஒன்று நிமிடத்துக்கு 900 சுற்று சுற்றினாலே அதன் போல்ட்டின் மேல் ஒரு டன் இழுப்பு விழுந்துவிடும். சுற்று வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் இழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும். அவசரத்துக்கு ஆக்சிலரேட்டரை ஏற்றுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பின் முறிந்தால் அந்த 100 கிராம் பிளேடு பறக்கிற வேகத்தில் அதனிடம் இருக்கும் ஆற்றல், 10 கிலோ கல்லை 2 மீட்டர் உயரத்திலிருந்து போடும்போது கிடைப்பதற்கு இணையானது. அதுவும் கத்தி முனையில் குவிந்த ஆற்றல். இயந்திரத்தைச் சுற்றித் தொங்கும் கனத்த திரை அதற்காகத்தான். மாடு மேயும் பக்கத்திலும் பிள்ளைகள் விளையாடும் பக்கத்திலும் இயந்திரத்தை ஓட்டக் கூடாது என்று கையேடுகள் சொல்வதும் அதற்காகத்தான்.

பின் ஏன் தேய்கிறது? எஃகு எஃகில் உரசுவதால் என்று சொன்னால் அது பாதி விடைதான். மீதிப் பாதியைத் தங்கவயல்காரர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை, அவர்கள் அதைச் சுவாசித்து வளர்ந்தவர்கள். இங்கே பொன் கிடைத்தது குவார்ட்ஸ் பாறையின் நரம்புகளில். பாறையை ஆலையில் மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் பொன்னைப் பிரித்தெடுத்த பிறகு எஞ்சிய மண் 3 கோடி டன்னுக்கு மேல். அது இன்னும் மேடு மேடாக ஊரைச் சூழ்ந்து நிற்கிறது, கோடைக் காற்றில் பறக்கிறது. குவார்ட்ஸ், கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7-ஆம் இடத்தில் இருப்பது. சாதாரண எஃகை அது கீறிவிடும். மேட்டு மண் இல்லாத வயலிலும் இந்தப் பீடபூமியின் செம்மண்ணில் குவார்ட்ஸ் மணல் உண்டு. புல்லின் இலையிலேயே சிலிக்கா இருக்கிறது. இந்தத் துகள்கள் புல்லின் சாற்றோடு குழைந்து பின்னுக்கும் துளைக்கும் நடுவே போய் உட்கார்ந்துவிட்டால், ஓட்டும் நேரமெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான் நடக்கும்.

இந்தத் தேய்மானம் ஒரே சீராகவும் போவதில்லை. இடைவெளி கூடக் கூடப் பிளேடு பின்னில் மோதும் வேகம் கூடுகிறது. மோதல் கூடக் கூட இடைவெளி இன்னும் பெரிதாகிறது. முதல் நூறு மணி நேரத்தில் கால் மில்லிமீட்டர் தேய்ந்த பின், அடுத்த நூறு மணி நேரத்திலும் அவ்வளவே தேயும் என்று நம்பக் கூடாது.

சோதிக்கும் முறைக்கு வருவோம். முதலில் எஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துவிட வேண்டும். டிராக்டரிலிருந்து இயந்திரத்தைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டு விடுபட்ட பிறகும் தட்டுகள் சற்று நேரம் சுழன்றுகொண்டே இருக்கும். முழுதாக நிற்கும் வரை கிட்டே போகக் கூடாது. இயந்திரத்தைத் தூக்கியிருந்தால் அடியில் முட்டுக்கட்டை வைக்காமல் கையை நுழைக்கக் கூடாது. ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி அடியில் போவது உயிரோடு விளையாடுவது.

பிறகு கனத்த கையுறையோடு பிளேடை மேலும் கீழும் அசைத்துப் பார்க்கலாம். இது முதல் எச்சரிக்கைக்கு மட்டும் உதவும். ஒட்டியிருக்கும் காய்ந்த புல்லும் மண்ணும் ஆட்டத்தை அடக்கி, எல்லாம் இறுக்கமாக இருப்பதாகக் காட்டிவிடும். பிளேடைக் கழற்றாமல் உண்மை தெரியாது. அதற்குக் காரணம் தேய்மானம் விழும் இடம். பிளேடு வெளிப்பக்கம் இழுக்கிறது. ஆகவே அதன் துளையின் வால்பக்க விளிம்புதான் பின்னை அழுத்துகிறது. பின்னில் தட்டின் மையத்தைப் பார்த்த பக்கம்தான் தேய்கிறது. வெளியே நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் படுவது தேயாத பக்கம்.

கழற்றிய பின்னை மண்ணெண்ணெயில் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் பிறை வடிவில் பளபளவென்று மின்னும். மேலிருந்து கீழாக நகத்தை ஓட்டினால், பிளேடு உட்கார்ந்திருந்த இடத்தில் நகம் ஒரு படியில் தடுக்கும். அந்தப் படிதான் தேய்மானம். வெர்னியர் காலிப்பரால் அதே இடத்தில் இரண்டு திசையில் அளக்க வேண்டும்: தேய்ந்த பக்கத்தைப் பிடித்து ஒன்று, அதற்குக் குறுக்காக ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், தேய்ந்த அளவைக் காட்டிவிடும். ஒப்பிடப் புதுப் பின் கையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிளேடின் துளையையும் இப்படியே அளக்கலாம். வட்டமாக இருந்தது முட்டை வடிவமாகியிருக்கும். துளைக்கும் வால் நுனிக்கும் நடுவே எஞ்சியிருக்கும் உலோகம் எவ்வளவு என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அது மெலிந்தால் பின் முறியாமலேயே பிளேடு கிழிந்துகொண்டு போகும். எந்த அளவில் மாற்ற வேண்டும் என்பது ஒவ்வொரு இயந்திரத்தின் கையேட்டிலும் எழுதியிருக்கும். அந்த எண்தான் முடிவு. மெக்கானிக்கின் கண்திட்டம் அதற்கு மாற்று ஆகாது.

கொஞ்சம்தானே தேய்ந்திருக்கிறது என்று தோன்றும். 12 மில்லிமீட்டர் பின் 9 மில்லிமீட்டர் ஆகிவிட்டது என்று கொள்வோம். கால் பங்குதான் குறைந்திருக்கிறது. ஆனால் வளைவைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அது பாதிக்கும் கீழே, 42 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அந்தப் படியின் மூலையில்தான் விரிசலும் பிறக்கும். மணிக்கு 1,80,000 சுற்று ஓடும் இயந்திரத்தில் விரிசல் வளர அதிக நாள் ஆகாது.

பட்டறைகளில் நடக்கும் இரண்டு வேலைகளை இங்கே கண்டிக்காமல் விட முடியாது. ஒன்று, தேய்ந்த பின்னில் வெல்டிங் நிரப்பிக் கடைசல் பிடித்துப் போடுவது. அந்தச் சூட்டில் பின்னின் பதம் போய்விடும். பார்க்கப் புதிதாக இருக்கும், உள்ளே எதற்கும் உதவாது. இன்னொன்று, அளவு ஒத்துப்போகிறது என்று ஹார்டுவேர் கடையின் சாதாரண போல்ட்டை மாட்டுவது. உரிய போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று பலத்தைக் குறிக்கும் எண் பொறித்திருக்கும், அந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். மாற்றும்போது எதிரெதிரான இரண்டு பிளேடுகளையும் பின்களையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று கனமாகவும் ஒன்று லேசாகவும் இருந்தால் தட்டு அதிரும், பேரிங் போகும்.

கழற்றாமல், ஓட்டத்திலேயே இதைக் கண்டுபிடிக்க முடியாதா என்ற கேள்வியில் பொறியாளர்கள் ஆர்வம் காட்டுகிறார்கள். ஒரு வழி அதிர்வை அளப்பது. 3,000 சுற்று என்றால் நொடிக்கு 50 அதிர்வு. எடை சமம் கெட்டால் அந்த 50 தடித்துக்கொண்டே வரும். பின் தளர்ந்து பிளேடு மோதினால் ஒழுங்கற்ற சிறு அடிகள் அதன் மேல் ஏறும். ஆனால் மேடுபள்ளமான வயலில் இயந்திரமே குலுங்கும்போது இதைப் பிரித்தெடுப்பது எளிதல்ல. இன்னொரு வழி, பிளேடு கடக்கும் இடத்தில் ஒரு காந்தச் சுருளை வைப்பது. எஃகு பிளேடு ஒவ்வொரு முறை கடக்கும்போதும் ஒரு மின்துடிப்பு கிடைக்கும். இரண்டு பிளேடும் நன்றாக இருந்தால் துடிப்புகள் சம இடைவெளியில் வரும். ஒன்று தளர்ந்தால் தாளம் தப்பும். துடிப்பின் உயரத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். பின் தேய்ந்தால் பிளேடு வெளியே நகரும், நுனி தேய்ந்தால் குறுகும், ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும். என்னைக் கேட்டால், சிறு விவசாயிக்கு இன்றைக்கு உகந்தது வெர்னியர்தான். பெரிய இயந்திரங்களில் சென்சார் வரட்டும், வர வேண்டும்.

தேய்மானத்தை அளந்து எழுதிவைப்பது தங்கவயலுக்குப் புதிதல்ல. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம். கிஃபோர்டு ஷாஃப்டில் ஒரே இறக்கமாக ஏறத்தாழ 2 கிலோமீட்டர். இறங்கியவர்கள் அத்தனை பேரின் உயிரும் ஒரு கம்பிவடத்திலும், அதைக் கூண்டோடு கோக்கும் பின், கொண்டி, சங்கிலியிலும் தொங்கியது. 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குவிதிகள் அந்த இணைப்புகளைத் தகுதியுள்ள ஒருவர் தவறாமல் சோதித்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பிவடத்தின் நுனியை வெட்டி எறிந்து புதிதாக முடிய வேண்டும். நுனிதான் மற்ற இடத்தைவிட அதிகம் களைக்கும், தேய்மானமும் அங்கேதான் ஒளிந்திருக்கும். 1988-இல் சாம்பியன் ரீஃபில் தொடங்கப்பட்ட தேசியப் பாறை இயங்கியல் நிறுவனம் கம்பிவடங்களை வெட்டாமல் சோதிக்கும் கலையையும் கைக்கொண்டது. வடத்தைக் காந்தமாக்கினால், உள்ளே கம்பி அறுந்த இடத்தில் காந்தப்புலம் வெளியே கசியும். சுருள் அதைப் பிடித்துவிடும். புல்வெட்டிக்குச் சொன்ன சுருளும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

சுரங்கம் போனாலும் பி.இ.எம்.எல். தொழிற்சாலை இங்கேதான் இருக்கிறது. அங்கே உருவாகும் புல்டோசரின் சங்கிலியிலும் பின்னும் புஷ்ஷும் ஒரு பக்கமாகத்தான் தேயும். சங்கிலி எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளந்து, உரிய நேரத்தில் அவற்றை அரைச் சுற்று திருப்பிப்போட்டு மறுபக்கத்தையும் பயன்படுத்துவார்கள். புல்வெட்டியில் மட்டும் இந்தச் சிக்கனம் வேண்டாம். புல்டோசர் ஊர்கிறது, அதன் பின் முறிந்தால் வண்டி நிற்கும். புல்வெட்டியின் பின் முறிந்தால் கத்தி பறக்கும்.

அனந்தபூர் மாவட்டம் கார்லதின்னேயில் மத்திய அரசின் தென்மண்டலப் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிறுவனம் இருக்கிறது. அங்கே சோதனைக்கு வரும் கருவிகளின் பிளேடுகளை வயலில் ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் எடைபோட்டு, தேய்மானத்தை அறிக்கையில் எழுதுகிறார்கள். விற்பனைக்கு முன் நடக்கும் அந்த வேலை, விற்ற பிறகு யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் போகிறது. கர்நாடகத்தில் விவசாயிகளுக்கு இயந்திரங்களை வாடகைக்குத் தரும் ‘கிருஷி யந்திரதாரே’ மையங்கள் 2014 முதல் இயங்குகின்றன. வாடகை இயந்திரம் பத்துக் கை மாறும். நேற்று எந்தக் கல்லில் மோதியது என்று இன்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. ஆகவே மையங்களை நடத்துகிறவர்களிடம் கேட்பது இதுதான்: ஒவ்வொரு புல்வெட்டிக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஓடிய மணி நேரம், பின்னின் அளவு, துளையின் அளவு, மாற்றிய தேதி, அளந்தவர் கையெழுத்து, இவ்வளவு போதும். வாடகைக்கு எடுக்கிறவர்களும் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு இயந்திரத்தை வயலில் இறக்குங்கள்.