வீடு மாறியவர் தாமே சொல்ல வேண்டும்

எனது உம்மும்மா 1990 ஒக்டோபரில் மன்னார்த் தீவிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியவர். வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட நாட்கள் அவை. சவூதியில் வேலை செய்த மாமா, குடும்பம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பழைய வீட்டுக்கே கடிதம் போட்டுக்கொண்டிருந்தாராம். “நாங்க இங்க இரிக்கோம் எண்டு நான் எழுதின பொறகுதான் மகன்ட கடிதம் வந்திச்சி” என்பார் உம்மும்மா. இந்தக் கதை எங்கள் கணினி ஆய்வுகூடத்தில் எனக்குக் கைகொடுக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

ஆய்வுகூடத்தில் லினக்ஸ் கணினி ஒன்று இருக்கிறது. உயர்தரக் கடந்தகால வினாத்தாள்கள் அதில்தான் உள்ளன. உப்புக் காற்றில் அதன் தாய்ப்பலகை துருவேறிப் பழுதானது. ஆசிரியையின் அனுமதியோடு அதன் வன்தட்டை வேறொரு கணினியில் பொருத்தி, பழைய ஐபி முகவரியையே கொடுத்தேன். ஆய்வுகூடத்தில் எல்லாம் சரியாக வேலை செய்தது. நூலகக் கணினிகளுக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. பரீட்சையோ நெருங்கிவிட்டது. “நீ கைவைச்ச பொறகுதான் பழுதாகிட்டு” என்றாள் தோழி ஒருத்தி. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வலையமைப்பில் ஒவ்வொரு கணினிக்கும் இரண்டு அடையாளங்கள் உண்டு. ஐபி முகவரி ஆளின் பெயரைப் போன்றது, நாமே கொடுப்பது. மெக் முகவரி வீட்டு இலக்கத்தைப் போன்றது. வலையமைப்பு அட்டையோடு வருவது. “இந்தப் பெயருக்குரியவர் எந்த வீட்டில்?” என்று கேட்டு அறியும் முறைக்கு ஏஆர்பி என்று பெயர். டேவிட் பிளம்மர் என்பவர் 1982 நவம்பரில் இதை எழுதி வெளியிட்டார். கிடைத்த விடையைக் கணினிகள் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். சிக்கல் அந்த நினைவில்தான். லினக்ஸ் கணினி அரை நிமிடமளவில் பழைய விடையைச் சந்தேகிக்கத் தொடங்கிவிடும். சிஸ்கோ ரவுட்டர்களோ வழமையாக 4 மணித்தியாலம் வைத்திருக்கும். எங்கள் நூலகம் ஒரு ரவுட்டருக்கு அப்பால் இருக்கிறது.

நான் செய்த பரிசோதனைகள் இவை:

1. ‘ஐபி அட்ரஸ்’ என்ற கட்டளையால், முகவரி சரியான அட்டையில் பதிந்திருக்கிறதா என்று பார்த்தேன். பதிந்திருந்தது.

2. ‘ஏஆர்பிங்’ கட்டளையின் இரட்டிப்புச் சோதனை மூலம், அதே முகவரியை வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். பதில் வரவில்லை. அதாவது, மோதல் இல்லை.

3. ரவுட்டரின் ஏஆர்பி அட்டவணையைத் திறந்து பார்த்தேன். எங்கள் ஐபி முகவரிக்கு நேரே பழுதான கணினியின் மெக் முகவரி இருந்தது. கடிதங்கள் பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருந்தன!

4. ‘ஏஆர்பிங்’ மூலம், கேட்கப்படாமலே அனுப்பும் அறிவிப்பை மூன்று முறை அனுப்பினேன். அது வெளியே போவதை ‘டிசிபிடம்ப்’ காட்டியது. உடனே நூலகத்தில் வினாத்தாள் திறந்தது.

லினக்ஸ் ஏன் தானாகவே அறிவிக்கவில்லை? அதன் கருவில் ‘ஏஆர்பி நோட்டிபை’ என்றொரு அமைப்பு உண்டு. அதன் வழமைப் பெறுமானம் 0. அதாவது முகவரி மாறினாலும் பேசாதிரு. அதை 1 ஆக்கி வைத்தேன். சில லினக்ஸ் கணினிகளில் வேறு மென்பொருள்கள் அறிவிப்பை அனுப்பிவிடும். கையால் முகவரி கொடுத்த எங்கள் கணினியில் அது நடக்கவில்லை.

மாணவிகளே, ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்த அறிவிப்பு உண்மையா என்று ஏஆர்பி விசாரிப்பதில்லை. தீயவர் ஒருவர் “அந்த வீடு என்னுடையது” என்று பொய்யாக அறிவித்தால், உங்கள் தகவல்கள் அவரிடம் போகலாம். ஆகவே பெற்றோரும் வீட்டு வைபை கடவுச்சொல்லைக் கண்டவருக்கும் கொடுக்காதிருப்பது நல்லது. 2008 இல் வெளியான விதிமுறை ஒன்று, ஒரு முகவரியை எடுக்குமுன் அது வேறொருவரிடம் இருக்கிறதா என்று முதலில் விசாரிக்கவும், அதன் பிறகே அறிவிக்கவும் சொல்கிறது.

பழி சொல்வதிலும் அந்த ஒழுங்கு நல்லதுதான். தோழி மறுநாள் வந்து, “எனக்கும் அந்தக் கட்டளையைக் காட்டித் தா” என்றாள். காட்டிக் கொடுத்தேன்.

– தரம் 13, தொழினுட்பப் பிரிவு மாணவி